துபாய் மரம் நட்ட பாய்

அவர் முதன்முதலாக என் மருந்துக் கடைக்கு வந்தது தலைவலிக்கு. மாத்திரையை நான் உறைக்குள் போடுவதற்கு முன்பே கையிலிருந்து வாங்கி, கிழித்து, தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றார்.

“எப்ப கேக்கும்?”

“அரை மணி நேரம் ஆகும் பாய்.”

“அரை மணி நேரமா? அதுக்குத் தலைவலி தானாவே போயிருமே. இப்பமே கேக்குற மாதிரி ஒண்ணும் கெடையாதா?”

கிடையாது என்றேன். மருந்தாளுநர் படிப்பின் மேல் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்கே போய்விட்டது.

அவரைத் தெருவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். இருபத்தாறு வருஷம் சவுதியில், தம்மாமில் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு வந்து, எங்கள் நகரில் முதலில் வீடு கட்டியவர். கட்டியவர் என்றால், சுவருக்குத் தண்ணீர் விடும் நாட்களைக் குறைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு தினமும் சண்டை போட்டுக் கட்டியவர். பால் காய்ச்சின அன்றைக்கு ஒரு அறையில் பூச்சு காயவில்லை. ஈரச் சுவரில் சாய்ந்த விருந்தாளிகள் முதுகில் சிமெண்டோடு பிரியாணி சாப்பிட்டார்கள்.

செல்போனில் என்னைக் கூப்பிடுவார். இரண்டாவது மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டு நேரில் வந்துவிடுவார். “எடுக்க இவ்வளவு நேரமா?” தேநீர் ஆறும்வரை பொறுக்கமாட்டார், வெந்த நாக்கோடுதான் எந்நேரமும் பேசினார். செங்கோட்டைக்குப் போக வேண்டுமானால் பேருந்து நிலையத்தில் நிற்காமல் இலஞ்சி வரைக்கும் நடந்து போய் அங்கே அதே பேருந்தில் ஏறுவார். நிற்கிற நேரத்தில் நடந்தால் லாபம் என்பது அவர் கணக்கு.

எங்கள் நகர் தென்காசியின் மேற்கு ஓரத்தில் வயலை மட்டம் போட்டு மனை பிரித்தது. கல் நட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள். பலகையில் சோலை என்ற சொல் இருந்தது. மரம் என்று பார்த்தால் மின்கம்பத்தில் கட்டியிருந்த அரசியல் கட்சியின் மூங்கில்தான். பங்குனியில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் நகர் நலச் சங்கத்தில் மரம் வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. செயலாளர் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். எதையும் தீர்மானமாகப் போடாமல் அவரால் தும்மக்கூட முடியாது.

“புங்கன் வைப்போம்” என்றார் செயலாளர். “வேம்பும் வைக்கலாம். நாட்டு மரம். நல்லது.”

“நெழல் எப்ப வரும்?” என்றார் பாய்.

“நாலு வருஷம், அஞ்சு வருஷம் ஆகும்லா.”

“அஞ்சு வருஷமா? அதுவரைக்கும் ஒங்க தீர்மான நோட்டத் தலையில பிடிச்சிக்கிட்டு நிப்பமா?”

அடுத்த வாரம் ஒரு குட்டி யானை வண்டி நிறையச் செடிகள் வந்து இறங்கின. கோனோகார்பஸ். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. துபாய் மரம் என்றோம். பாய்க்கு அது பிடிக்காது. “துபாய் இல்லப்பா, தம்மாம். அம்பது டிகிரி வெயில்ல நிக்கும். தண்ணி இல்லன்னாலும் நிக்கும். அந்த ஊர்ல நான் கண்ணால பாத்த பச்சை இது ஒண்ணுதான். மத்தியானம் வண்டிய இதுக்கு அடியில விட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்.”

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவரே குழி தோண்டி நட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வர நேரமாகும் அல்லவா?

மரம் அவருக்கென்றே படைக்கப்பட்டது போல வளர்ந்தது. முதல் வருஷம் மதில் சுவர், இரண்டாம் வருஷம் மாடி. ஆடு வந்தது; இலையை மோந்து பார்த்தது; போய்விட்டது. ஆட்டுக்கு இருந்த சந்தேகம் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. ஆண்டு விழாவில் செயலாளர் பாய்க்குச் சால்வை போர்த்தி, ‘சோலை என்ற பெயரை மெய்ப்பித்தவர்’ என்று இருபது நிமிடம் பேசினார். பாய் பத்து விநாடி பேசினார்: “எல்லாரும் வைங்க. சீக்கிரம் வளரும். அஸ்ஸலாமு அலைக்கும்.” லட்டு வருவதற்குள் எழுந்து போய்விட்டார். வாசலில் நிறுத்திக் கேட்டவர்களுக்கெல்லாம் கம்பு ஒடித்துக் கொடுத்தார். சுரண்டைக்குப் போனது, ஆலங்குளத்துக்குப் போனது, குற்றாலத்துக்கும் போனது.

ஏன் இவர் இப்படிப் பறக்கிறார் என்பதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவார். நிதானமான ஆள். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேதியை வாசித்து, பிறகுதான் பைக்குள் வைப்பார்.

“அவுகளச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் நாப்பது நாள் லீவு. பிளேன்ல வந்து எறங்குன மூணாம் நாளு எங்க நிக்காஹ். அடுத்த லீவுல மனை வாங்குனாக. அதுக்கு அடுத்த லீவுல தம்பி கல்யாணம், கண்ணு ஆபரேசன், கொழுந்தனோட சண்டை, சமாதானம், எல்லாம் அந்த நாப்பது நாளுக்குள்ள. மூத்தவள மொதமொத பாக்கும்போது அவ நடந்து வந்து, இது யாருன்னு கேட்டா. இப்ப லீவு முடிஞ்சிட்டுன்னு அவுகளுக்கு யாரு சொல்லுததுக்கு?”

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மரங்கள் பூக்கத் தொடங்கியது மூன்றாம் வருஷம். பூ என்று சொன்னால் பூ கோபித்துக்கொள்ளும். மிளகு அளவில் பச்சை மஞ்சளாய் உருண்டை உருண்டையாக இருக்கும். தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. அதிலிருந்து கிளம்பும் தூள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூக்குக்குத் தெரியும்.

தெருவே தும்மியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்றாம் வீட்டுக்காரருக்கு எதிர்வீட்டு ஊதுபத்தி. எதிர்வீட்டுக்கு மூன்றாம் வீட்டு நாய். செயலாளருக்குப் பக்கத்து மனையில் இறக்கிய எம்சாண்ட் மணல். அவர் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டு, வாசிக்கும்போது நான்கு முறை தும்மினார். தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்ததை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அது பச்சையாக இருந்தது. பச்சையாக இருப்பது கெடுதல் செய்யாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம்.

காலமும் ஒத்துழைக்கவில்லை. முன்பெல்லாம் ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும். பின்னாலேயே சாரல் வந்து ஊரைக் கழுவிவிடும். இப்போது காற்று மட்டும் சரியான நேரத்துக்கு வருகிறது. சாரல் எப்போது வரும் என்று அதற்கே தெரியவில்லை. வெறும் காற்று அந்தத் தூளை வாரி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டது. மாசியில் ஒரு மழை, சித்திரையில் ஒரு மழை என்று அகாலத்தில் பெய்ய, மரம் ஒவ்வொரு மழையையும் நம்பி ஒவ்வொரு முறையும் பூத்தது.

காது மூக்கு டாக்டர் ஒருவர் என் கடைக்கு வருவார். “முன்ன எல்லாம் ஒருத்தன் தும்முனா எந்த மாசத்துல நிப்பான்னு சொல்லிருவேன்” என்றார் ஒரு நாள். “இப்ப எந்த மாசம் பூக்கணும்னு மரத்துக்கே தெரியல. நான் எங்க போய்ச் சொல்ல?” பிறகு வெளியே பார்த்து, “இந்த மரத்த யாருங்க இப்படி வரிசையா வச்சது?” என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் என் கடைக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்தன. தும்மல் மாத்திரை பெட்டி பெட்டியாக வந்து பெட்டி பெட்டியாகப் போனது. மரத்தைப் பற்றிப் பேச வேண்டியது வனத்துறைக்காரர்கள், மருந்துக் கடைக்காரன் இல்லை என்று எனக்கு நானே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டேன்.

அதே டாக்டரின் சீட்டோடு ஒரு நாள் அக்கா வந்தார். இன்ஹேலர் எழுதியிருந்தது. மூச்சிரைப்பு. சீட்டின் அடியில், வீட்டைச் சுற்றியுள்ள மரத்தைத் தவிர்க்கவும் என்று குறிப்பு. எப்படிப் பிடிப்பது, எப்போது அமுக்குவது, எப்படி உறிஞ்சுவது என்று கடையின் உள்ளே உட்கார வைத்துக் காட்டிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பழகிக்கொண்டார். பிறகு சீட்டை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

“இது இங்கனயே இருக்கட்டும் தம்பி. அவுகள்ட்ட சொல்லிராதிய.”

“அக்கா, இது விளையாட்டு இல்ல.”

“தெரியும். நான் பாத்துக்கிடுதேன். தூசின்னு சொல்லிருக்கேன்.”

கிட்டத்தட்ட ஒரு வருஷம் நான் சொல்லவில்லை. அக்கா கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது மட்டும் அந்த நினைப்பு சரியாக நிற்பதில்லை.

மனைவியின் இருமல் ஒரு வழியாகப் பாயின் காதில் விழுந்தபோது, அவர் வழக்கம்போல் உடனடி வைத்தியம் கண்டுபிடித்தார். “குத்தாலத்துக் காத்து பட்டா ஒரே நாள்ல போயிரும். நம்ம ஊர்க் காத்துல டீசல் பொகை.” சீசன் தொடங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அன்று மதியமே ஐந்தருவி போகும் வழியில் ஒரு லாட்ஜில் ஒரு வாரத்துக்கு அறை எடுத்துக் கிளம்பிவிட்டார்கள். கிளம்பின வேகத்தில், அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த இன்ஹேலரை எடுக்க அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல் பாய் போன் செய்தார். இந்த முறை நான் எடுக்கும்வரை வைக்கவில்லை.

“தம்பி, இவளுக்கு மூச்சு முட்டுது. பேச வரல. ஒன் கடை மருந்துக் கவரக் காட்டிக் காட்டிச் சொல்லுதா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆட்டோக்காரன் வரமாட்டேங்கான், ரோடு பூரா காரு.”

இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, இலஞ்சி வழியாகச் சந்துபொந்தில் பைக்கை ஓட்டிக்கொண்டு போனேன். சீசன் கூட்டம் உடம்பெல்லாம் எண்ணெயும் தோளில் துண்டுமாக ரோட்டை அடைத்து நின்றது. அருவியில் நூல் மாதிரிதான் தண்ணீர். சாரலைக் காணோம். காற்று மட்டும் அடித்தது.

அக்கா கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது. பாய் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் தட்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், வரிசையாக, பூத்துக் குலுங்கி நின்றது அவருடைய மரம்.

நான் ஓடிப்போய் முதலில் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு இன்ஹேலரை நீட்டினேன். அக்கா அதை வாங்கி, இரண்டு குலுக்குக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து அமுக்கி, சரியாக உறிஞ்சினார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டார். தோள் மெல்ல மெல்ல இறங்கியது.

இதற்கிடையில் ஜன்னல் சாத்தின சத்தம் கேட்டு லாட்ஜ் உரிமையாளர் வந்தார். நிலைமை தெரியாமல் சிரித்த முகத்தோடு நின்றார்.

“ஜன்னலச் சாத்திட்டியளே பாய்! இந்த ரூமு ஒங்களுக்குன்னே ஒதுக்குனது. ஒங்க சங்கத்து விழாவுக்கு வந்தப்ப நீங்க ஒடிச்சிக் குடுத்த கம்புதான் இம்புட்டும். தொறந்தா ஒங்க மரம் தெரியட்டும்னுதான் குடுத்தேன்.”

பாய் மனைவியின் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத இப்படிப் பிடிக்கணும்னு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த வாடகை அட்டையைப் பார்த்தேன்.

“தம்பிதான்.”

“எப்ப?”

“போன சாரலுக்கு முந்தி.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஒனக்கும் தெரியுமா? மரந்தான்னு தெரியுமா?”

“தெரியும் பாய்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவியிடம், “ஏன்ட்டி சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்குப் பேச இன்னும் மூச்சு சேரவில்லை. விட்டு விட்டுச் சொன்னார். “சொன்னா... அன்னைக்கே வெட்டிருவிய. பிள்ளையள எல்லாம் வளந்த பொறவுதான பாத்திய. ஒண்ணு மொளச்சதுலேந்து வளர வளர... கூட இருந்து பாத்தது அது ஒண்ணுதான் ஒங்களுக்கு.”

லாட்ஜ்காரர் சத்தம் காட்டாமல் போய்விட்டார். பாய் கட்டிலில் உட்கார்ந்தார். நான் அவரை அறிந்த நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், எங்கேயும் கிளம்பாமல், சும்மா உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். பிறகு என் பைக்கிலேயே அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பின்னால் நடந்தே வந்தார்.

மறுநாள் காலையில் மரம் அறுக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். செயலாளர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன பாய் இது, பசுமைய வெட்டுதிய?”

“நட்டது நான். வெட்டுததும் நான்.”

“நட்டது நீங்க. பாராட்டுனது நாங்க. சால்வ போத்துன பொறவு அது சங்கத்து மரம். தீர்மானம் இல்லாம ஒரு இலையத் தொடக் கூடாது.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தும்மல்.

கூடி நின்றவர்களில் தினமும் என்னிடம் மாத்திரை வாங்குகிற ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் செயலாளர் பக்கம். அவர்களுடைய கார்கள் மர நிழலில் நின்றன. நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். டாக்டர் எழுதியதைச் சொன்னேன். “இத்தன நாளு மாத்திரை விக்கும்போது இது தெரியலியோ?” என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது.

பாயால் அன்று வெட்ட முடிந்தது தன் வாசலில் நின்ற மரத்தை மட்டும். அதுவும் பதினைந்து நாளில் அடிக்கட்டையைச் சுற்றி முழ முழமாகத் துளிர்த்தது. தோண்டி எடுத்தார். வேர் குடிநீர்க் குழாய்க்குள் குடியிருந்தது. அக்காவைப் புளியங்குடியில் மூத்த மகள் வீட்டில் விட்டுவிட்டு, அவர் மட்டும் இங்கே தங்கி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். முதல் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை, உறுப்பினர்களுக்கு ஜலதோஷம். இரண்டாவதில் துணைக்குழு அமைத்தார்கள். மூன்றாவதில் துணைக்குழு அவகாசம் கேட்டது. பாய் ஒவ்வொரு முறையும் கடைசி வரிசையில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். யாருடைய பேச்சிலும் குறுக்கிடவில்லை. தேநீர் கொடுத்தால் ஆறும்வரை கையில் வைத்திருந்தார். அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் புளியங்குடிக்கே போய்விட்டார்.

அவர் போன பிறகு, இந்த மரத்தை நடக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாகப் பேப்பரில் செய்தி வந்தது. அந்த வாரமே ஜேசிபி வந்தது, பேனர் வந்தது, போட்டோக்காரர் வந்தார். செயலாளர் கையுறை போட்டுக்கொண்டு முதல் மரத்தில் கோடரியை வைத்தபடி நின்றார். விழாவில் அவருக்குச் சால்வை. ‘மக்கள் நலனுக்காக நெடுங்காலம் போராடியவர்’ என்று அவரே எழுதிக் கொடுத்ததைச் சங்கத் தலைவர் வாசித்தார். தெரு பழையபடி மொட்டையானது. தும்மல் குறைந்தது, நிற்கவில்லை. குளத்துக்குள் சீமைக் கருவேலம் பூக்கிறது, பைபாஸ் தூசி வருகிறது, அகால மழையில் சுவர் பூஞ்சை பிடிக்கிறது என்கிறார் டாக்டர். மரத்தை மட்டும் குற்றவாளியாக நிறுத்தியது எங்களுக்கு வசதியாக இருந்தது என்றும் ஒரு முறை சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளேதான் நின்று சொன்னார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புளியங்குடி போனபோது அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். உள்ளே விடுவார்களோ என்று தயக்கம்தான். அக்கா கதவைத் திறந்து, “வாங்க தம்பி, மெலிஞ்சிட்டியளே” என்றார். முகம் தெளிந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை. டாக்டர் காலையும் மாலையும் இரண்டு இழுப்பு இழுக்கச் சொல்லியிருக்கிறார். நான் போனது மாலை மருந்து நேரம்.

பாய் என்னைப் பார்த்து, “இரு” என்று கையைக் காட்டினார். இன்ஹேலரை அவரே குலுக்கிக் கொடுத்தார். அக்கா ஒரு இழுப்பு இழுத்தார். அடுத்ததற்கு ஒரு நிமிஷம் விட வேண்டும். பாய் கொப்பளிக்கத் தண்ணீர் டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் கடிகாரத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஆயிட்டுல்லா? குடுங்க” என்றார் அக்கா. அடுப்பில் எனக்காகத் தேநீர் வைத்திருந்தார்.

“அவசரப்படாதட்டி” என்றார் பாய். “எதுக்கும் ஒரு நேரம் இருக்குல்லா?”

நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.